ஓடாமலே கெடுகிற எஞ்சின்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தோட்டத்தில் களை முழங்கால் உயரத்துக்கு வந்ததும், கொட்டகை மூலையில் கிடந்த பவர் வீடரை வெளியே தள்ளுகிறோம். டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. சுவிட்ச் ஆனில் இருக்கிறது. சோக்கைப் போட்டுக் கயிற்றை இழுத்தால் எஞ்சின் இரண்டு தடவை செருமிவிட்டு அடங்கிவிடுகிறது. இழுக்க இழுக்கத் தோள்பட்டைதான் வலிக்கிறது. "ஆடி மாசம் நல்லா ஓடிட்டு இருந்துச்சே!" என்று அங்கலாய்க்காதவர் இல்லை.

ஓடியது நிஜம்தான். அது கெட்டது ஆடிக்கும் கார்த்திகைக்கும் நடுவில், யாரும் தொடாமல் சும்மா நின்றிருந்த மாதங்களில். சின்ன பெட்ரோல் எஞ்சின்கள் உழைத்துத் தேய்வதைவிட, உழைக்காமல் கெடுவதுதான் அதிகம் என்பது என் கணிப்பு. ஏன் அப்படி என்பதில் கொஞ்சம் வேதியியலும் கொஞ்சம் இயற்பியலும் இருக்கின்றன. அவை புரிந்துவிட்டால் பாதிப் பழுதை வீட்டுத் திண்ணையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

டிராக்டர் நுழைய முடியாத தென்னந்தோப்பு, வாழை வரிசை, மல்லிகைப் பாத்தி இவற்றுக்குள் இன்று உழைப்பவை பவர் வீடர், பவர் டில்லர், பிரஷ் கட்டர், பவர் ஸ்பிரேயர் போன்ற சிறு இயந்திரங்கள். 2014-15இல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் மானியம், தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகக் கிடைக்கிறது. வாங்குவது எளிதாகிவிட்டது. பழுது பார்ப்பவர் கிடைப்பதுதான் எளிதாகவில்லை. டவுனில் இருக்கும் டூவீலர் மெக்கானிக்கிடம் தூக்கிப் போகிறோம். அங்கேயும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புதிய பைக்குகள் அநேகமாக எல்லாம் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அதற்குப் பின் தொழிலுக்கு வந்த பையன்களில் பலர் கார்புரேட்டரைக் கழற்றிப் பழகியதே இல்லை. தோட்டத்து இயந்திரங்களோ இன்னும் கார்புரேட்டரை நம்பித்தான் ஓடுகின்றன. ஆக, அந்தப் படிப்பு இனி நம் கைக்கு வந்தாக வேண்டும்.

எஞ்சின் கேட்பது நான்கே நான்கு: சரியான அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், அதை நெருக்கிப் பிடிக்கும் அழுத்தம், சரியான நொடியில் ஒரு பொறி, எரிந்த புகை வெளியேற வழி. இந்த நான்கும் கிடைத்தும் ஓடாத எஞ்சின் உலகத்தில் கிடையாது. இவற்றில் முதலாவதுதான் பெரும்பாலும் காலை வாருகிறது.

கார்புரேட்டரின் தத்துவம் ரொம்பப் பழசு. ஒரு குழாயின் நடுப்பகுதியைக் குறுக்கினால், அந்த இடத்தில் காற்று வேகமெடுக்கும். வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். டேனியல் பெர்னூலி 1738இல் எழுதியதும், ஜொவானி பத்தீஸ்தா வெஞ்சூரி 1797இல் சோதித்துக் காட்டியதும் இதைத்தான். அழுத்தம் குறைந்த அந்த இடத்தில் ஒரு சின்னக் குழாயின் வாயை வைத்துவிட்டால், கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தானாக மேலே ஏறிக் காற்றோடு தூவப்படும். பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஹங்கேரிக்காரர்களான தொனாத் பாங்கியும் யானோஷ் சோங்காவும் 1893இல் காப்புரிமை வாங்கிய கார்புரேட்டரிலிருந்து நம் வீடரில் இருப்பது வரை அடிப்படை இதுதான்.

இதில் நுணுக்கம் எங்கே என்றால், அளவில். பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிராமுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். அந்த விகிதத்தைக் காப்பாற்றுவது 'ஜெட்' என்கிற பித்தளைத் திருகில் போட்டிருக்கும் ஒரு துளை. 160 சி.சி. அளவுள்ள எஞ்சினில் மெயின் ஜெட்டின் துளை முக்கால் மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது எரிபொருள் தரும் பைலட் ஜெட்டின் துளை அதையும்விடச் சிறிது. கண்ணுக்கு நேரே பிடித்தால்தான் தெரியும். 0.7 மி.மீ. துளையின் உட்சுவரில் வெறும் 0.05 மி.மீ. பிசின் படிந்தால் குறுக்களவு 0.6 ஆகிவிடும். துளையின் பரப்பு குறுக்களவின் இருமடியைப் பொறுத்தது என்பதால், பெட்ரோல் போகிற வழியில் கால்வாசிக்கு மேல் அடைபட்டுப் போகும். தலைமுடி பருமன்கூட இல்லாத ஒரு படிவம் எஞ்சினைப் பட்டினி போட்டுவிடுகிறது.

அந்தப் பிசின் எங்கிருந்து வருகிறது? பெட்ரோலில் இருந்தேதான். பெட்ரோல் என்பது ஒரே பொருள் இல்லை, நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் பியூட்டேன், பென்டேன் போன்ற லேசான பகுதிகள்தான் குளிர்ந்த எஞ்சினில் முதலில் ஆவியாகித் தீப்பிடிப்பவை. டேங்கில் கிடக்கும் வாரங்களில் அவைதான் முதலில் பறந்துபோகின்றன. வெயில் பட்ட தகரக் கொட்டகையில் இன்னும் சீக்கிரம். மிச்சமிருப்பது எரியும்தான், ஆனால் ஸ்டார்ட் செய்யும்போது பற்றிக்கொள்ளாது. அடுத்தது, ஓலிஃபின் எனப்படும் இரட்டைப் பிணைப்பு மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடுகளாகி, பிறகு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கனமான, ஒட்டுகிற பொருளாகின்றன. கார்புரேட்டர் கிண்ணத்தில் கிடக்கும் கொஞ்ச நஞ்சப் பெட்ரோல் ஆவியானதும், பலாப்பழம் நறுக்கிய கத்தியில் காய்ந்த பால் போல இது பித்தளைத் துளைகளில் இறுகி நிற்கும். புதுப் பெட்ரோல் ஊற்றினாலும் லேசில் கரையாது. பழைய பெட்ரோலின் வாசனையே வேறு: மூக்கைச் சுண்டுகிற புது வாசனை போய் வார்னிஷ் நெடி அடிக்கும்.

இப்போது எத்தனால் வேறு சேர்ந்துகொண்டது. நாட்டளவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் 10 விழுக்காட்டை எட்டியது, 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. கரும்பு விவசாயிக்கும் அந்நியச் செலாவணிக்கும் இதில் லாபம் இருக்கலாம். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. தினமும் ஓடி, வாரம் ஒரு முறை டேங்க் காலியாகும் பைக்குக்கு வராத ஒரு தொல்லை, மாதக்கணக்கில் நிற்கும் வீடருக்கு வருகிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

எத்தனாலுக்குத் தண்ணீர் மீது தீராத ஆசை. டேங்க் மூடியில் காற்று புக ஒரு துளை உண்டு; பகலில் சூடாகி விரிந்து வெளியேறும் காற்று, இரவில் குளிர்ந்து ஈரத்தோடு உள்ளே திரும்புகிறது. பாதி காலியான டேங்கில் இந்த மூச்சு பெரிதாக இருக்கும். உள்ளே வந்த ஈரத்தை எத்தனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும். 10 விழுக்காடு எத்தனால் உள்ள பெட்ரோல் சாதாரண வெப்பநிலையில் ஏறக்குறைய அரை விழுக்காடு தண்ணீர் வரை தாங்கும். 20 விழுக்காடு கலவை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். எல்லை தாண்டினால், அல்லது மழைக்காலக் குளிரில் வெப்பம் இறங்கினால், எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பெட்ரோல் குழாய் எடுப்பதோ அடியிலிருந்து. எஞ்சினுக்குப் போய்ச் சேருவது எரியாத திரவம். துத்தநாக, அலுமினியக் கலவையில் வார்த்த கார்புரேட்டருக்குள் அது நின்றால் சுவரெல்லாம் வெள்ளைப் பொடி பூக்கும். அது அரிப்பின் அடையாளம். பிரிந்துபோன பெட்ரோலைக் குலுக்கினால் சேராது, புதுசு ஊற்றிச் சரிக்கட்டவும் முடியாது. முழுவதையும் வடித்து எடுத்துவிடுவதுதான் வழி. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால் அடியில் ஒரு தனி அடுக்கு தெரிகிறதா என்று நாமே பார்த்துவிடலாம்.

சரி, அடைத்துக்கொண்டது. இனி என்ன செய்வது? முதலில் குற்றவாளி கார்புரேட்டர்தான் என்று உறுதி செய்ய வேண்டும். ப்ளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் சில சொட்டு மட்டும் புதுப் பெட்ரோல் விட்டு, ப்ளக்கைத் திரும்ப மாட்டி இழுங்கள். எஞ்சின் ஒன்றிரண்டு விநாடி ஓடி நின்றால், பொறியும் அழுத்தமும் நன்றாக இருக்கின்றன; எரிபொருள்தான் வந்து சேரவில்லை. இந்த ஒரு சோதனை தெரிந்திருந்தால் பொறி தரும் காயிலை மாற்று, சி.டி.ஐ.யை மாற்று என்று வீண் செலவு வைக்க யாராலும் முடியாது.

வீடரில் பரவலாக இருக்கும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், கார்புரேட்டரின் அடியில் கிண்ணம் மாதிரித் தொங்குவதுதான் ஃப்ளோட் கிண்ணம். பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, அடியில் ஒரு டப்பாவை வைத்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கீழ் போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வரும். உள்ளே வண்டலும், துருத் தூளும், சில சமயம் தண்ணீர் முத்துகளும் உருண்டுகொண்டிருக்கும். நடுவில் மேலே எட்டிப் பார்த்தால் பித்தளையில் ஒரு வெட்டு தெரியும். அதுதான் மெயின் ஜெட். பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரால் மட்டுமே அதைத் திருக வேண்டும். பித்தளை மெதுவானது, சின்ன டிரைவரை வைத்து முறுக்கினால் வெட்டு வழுக்கிவிடும், அப்புறம் கார்புரேட்டரையே மாற்ற வேண்டியதுதான். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமான ஒளிப் புள்ளி தெரிந்தால் சரி. பிறை வடிவம் தெரிந்தாலோ ஒன்றுமே தெரியாவிட்டாலோ அடைப்பு. கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊற விட்டு, மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைத் தாமிர இழையைச் செலுத்துங்கள். தாமிரம் பித்தளையைவிட மெதுவானது, துளையைக் காயப்படுத்தாது. குண்டூசியோ எஃகுக் கம்பியோ வேண்டவே வேண்டாம். துளையைக் கொஞ்சம் அகலப்படுத்திவிட்டாலும் எஞ்சின் காலத்துக்கும் கரும்புகை கக்கிக்கொண்டே இருக்கும். மெயின் ஜெட்டுக்கு மேலே பக்கவாட்டில் பொடிப் பொடித் துளைகள் உள்ள ஒரு குழாய் இருக்கும். அதையும் தள்ளி எடுத்துச் சுத்தம் செய்யாவிட்டால் வேலை அரைகுறை.

ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஆனால் "வூம்ம்... வூம்ம்..." என்று ஏறி இறங்கிக்கொண்டே ஓடுகிறது என்றால் பைலட் ஜெட் இன்னும் அடைத்திருக்கிறது என்று பொருள். இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பின்னால் இருப்பது கவர்னர். சுழலும் எடைகள் வேகம் கூடினால் விரிந்து த்ராட்டிலை மூடும், குறைந்தால் சுருங்கித் திறக்கும். ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எஞ்சினில் மாட்டியதன் பேரப்பிள்ளை இது. பெட்ரோல் போதாமல் வேகம் விழுகிறது, கவர்னர் திறக்கிறது, மெயின் ஜெட் வழியே கொஞ்சம் கூடுதலாக வருகிறது, வேகம் எகிறுகிறது, கவர்னர் மூடுகிறது, மறுபடி பட்டினி. பழுது கவர்னரில் இல்லை, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். காற்று குறைந்து ஓட்டம் சீரானால் சந்தேகமே வேண்டாம். இதைப் புரிந்துகொள்ளாமல் கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 3,600 சுற்றுக்கு வடிவமைத்த எஞ்சினை அதற்கு மேல் விரட்டினால் கனெக்டிங் ராடு உடைந்து கிராங்க் கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அந்த ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள்.

இன்னொரு வேடிக்கையான பழுது உண்டு. கால் மணி நேரம் நன்றாக ஓடும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடும். டேங்க் மூடியைத் திறக்கும்போது 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் காரணம் கையில் இருக்கிறது. மூடியின் காற்றுத் துளையைத் தூசியோ குளவி மண்ணோ அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி மிச்சப் பெட்ரோலை இறங்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஒரு பைசா செலவில்லாத ரிப்பேர் இது.

பொறியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அதிகம் கெடுவதில்லை. பேட்டரி இல்லாத எஞ்சினில் பொறி எங்கிருந்து வருகிறது? ஃப்ளைவீலில் பதித்த காந்தம் காயிலைக் கடந்து பறக்கும்போது மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்டதேதான். காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே 0.4 மி.மீ. இடைவெளி, விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் அளவு. ப்ளக்கின் வாய் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. கழற்றிய ப்ளக்கே ஒரு ஜாதகம்: இளம் பழுப்பு நிறம் என்றால் நலம், உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு, வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் பற்றாக்குறை. பொறி வருகிறதா என்று பார்க்க ப்ளக்கை எஞ்சின் உடம்பில் ஒட்டி வைத்து இழுப்போம் அல்லவா, அப்போது ப்ளக் துளைக்கு அருகில் வைக்காதீர்கள். துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி அந்தப் பொறியிலேயே பற்றிக்கொள்ளும். இன்னொன்று: பொறியே வரவில்லை என்றால் காயிலைச் சந்தேகிக்கும் முன் ஆயில் அளவைப் பாருங்கள். பல எஞ்சின்களில் ஆயில் குறைந்தால் பொறியைத் துண்டிக்கும் சென்சார் இருக்கிறது. மேடு பள்ளத்தில் சாய்ந்து நின்றாலே அது ஏமாந்துபோகும்.

கயிறு எந்த எதிர்ப்பும் இல்லாமல் வழுவழுவென்று வந்தால்தான் கவலைப்பட வேண்டும். அழுத்தம் போய்விட்டது. அப்போதும் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். நெடுநாள் நின்ற எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு துருவேறித் திறந்தபடியே ஒட்டிக்கொள்வது உண்டு. வால்வு மூடியைக் கழற்றி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, மெல்லத் தட்டினால் பல நேரம் விட்டுக்கொடுத்துவிடும். வால்வு இடைவெளியைச் சரியாக வைப்பதற்கு ஃபீலர் கேஜ் வேண்டும்; 160 சி.சி. எஞ்சின்களில் வழக்கமான அளவு இன்டேக்கில் 0.15, எக்ஸாஸ்ட்டில் 0.20 மி.மீ. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்.

ஓடும்போது கெடுவது என்று ஒன்று உண்டென்றால் அது தூசியால். 160 சி.சி. எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் காற்றை உறிஞ்சும். சும்மா உட்கார்ந்திருக்கும் முப்பது பேர் மூச்சு விடும் அளவு அது. வீடரோ தான் கிளப்பிவிடும் புழுதிக்கு நடுவிலேயே நின்று மூச்சு விடுகிறது. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணலின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. சிலிண்டர் வார்ப்பிரும்பு அதற்கு வெகு கீழே. ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகும் மணல், ஆயிலோடு கலந்து உப்புத்தாள் வேலை செய்யும். அதனால்தான் கையேடுகள் ஏர் ஃபில்டரைச் சாதாரணமாக 50 மணி நேரத்துக்கு ஒரு முறையும், புழுதியில் 10 மணி நேரத்துக்கு ஒரு முறையும் சுத்தம் செய்யச் சொல்கின்றன. நம் மானாவாரி நிலத்தில் ஓட்டுகிறவர்கள் பத்து மணி நேரக் கணக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதாவது இரண்டு நாள் வேலைக்கு ஒரு முறை. ஸ்பாஞ்சு ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, எஞ்சின் ஆயிலில் நனைத்து நன்றாகப் பிழிந்து மாட்ட வேண்டும். அந்த எண்ணெய்ப் பசைதான் தூசியைப் பிடிக்கிறது. உலர்ந்த ஸ்பாஞ்சு பேருக்குத்தான் ஃபில்டர். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, பெட்ரோலில் முக்கவும் கூடாது. ஃபில்டர் கிழிந்திருக்கிறது, சீசன் முடியட்டும் பார்க்கலாம் என்று ஓட்டுகிறவர், ஒரு சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தி எஞ்சினையே அடகு வைக்கிறார்.

ஆயிலும் அப்படித்தான். இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் ஆயில் பம்பு கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சின்னக் கரண்டி இருக்கிறது. அது ஒவ்வொரு சுற்றிலும் ஆயிலை அள்ளித் தெளிக்கிறது, அவ்வளவுதான். மொத்த ஆயிலே அரை லிட்டரைச் சற்றுத் தாண்டும். ஆயில் ஃபில்டரும் இல்லை என்பதால் புது எஞ்சினின் உலோகத் தூள் எல்லாம் அந்த அரை லிட்டரிலேயே சுற்றும். அதனால் முதல் 20 மணி நேரத்தில் ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும், பிறகு 100 மணி நேரம் அல்லது ஆறு மாதம். டிப் ஸ்டிக்கை எடுக்கும்போது ஒரு தரம் முகர்ந்தும் பாருங்கள். ஆயில் அளவு கூடியிருந்து பெட்ரோல் நெடி அடித்தால், கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஃப்ளோட் ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் கசிந்து ஆயிலில் இறங்கியிருக்கிறது. அந்த நீர்த்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். வேலை முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடும் பழக்கம் இதையும் தடுத்துவிடும்.

பிரஷ் கட்டரின் குணம் கொஞ்சம் வேறு. தோளில் மாட்டி எந்தக் கோணத்திலும் பிடிப்பதால் அதில் ஃப்ளோட் கிண்ணம் வேலைக்காகாது. மெல்லிய ரப்பர்த் தகடு ஒன்று துடித்துத் துடித்துப் பெட்ரோலை இழுக்கிறது. எத்தனால் பட்டு அந்தத் தகடு விறைத்துப்போவதே அதன் முக்கிய நோய், மாற்றுவதே மருந்து. இரண்டு ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலோடு ஆயில் கலந்தாக வேண்டும். கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றிருந்தால் 40 மில்லி. வெறும் பெட்ரோலில் ஓட்டினால் சில நிமிடங்களில் பிஸ்டன் இறுகிவிடும். அதே தோற்றத்தில் நான்கு ஸ்ட்ரோக் கட்டர்களும் விற்கின்றன; அவற்றுக்கு ஆயில் தனி. வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் கேன்களில் பெரிதாக எழுதி வையுங்கள். பிளேடு நட்டு பெரும்பாலும் எதிர்மரை. வழக்கம்போல் இடப்பக்கம் திருகினால் இன்னும் இறுகும். வலப்பக்கம் திருகித்தான் கழற்ற வேண்டும். பலம் போட்டு உடைத்த பிறகு இதைத் தெரிந்துகொள்பவர்களே அதிகம்.

வீடரின் கத்திகளைக் கழுவி வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். கோரைப்புல்லும், நைலான் கயிறும், சொட்டுநீர்க் குழாய்த் துண்டும் கத்தி தாங்கும் தண்டில் சுற்றி, உள்ளே நெருக்கி, ஆயில் சீலை அறுத்துவிடும். பிறகு கியர் ஆயில் வெளியே, சேற்றுத் தண்ணீர் உள்ளே. கியர் பாக்ஸ் ஆயில் வெளுத்துக் குழம்பியிருந்தால் சீல் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு நாளும் சுற்றியதை அறுத்து எடுக்க ஐந்து நிமிடம் போதும். கத்தி அருகே கை போகும் முன் ப்ளக் மூடியைக் கழற்றிவிட வேண்டும். சூடான எஞ்சினின் தண்டைக் கையால் திருப்பினாலேயே ஒரு பொறி விழுந்து எஞ்சின் பற்றிக்கொள்ளலாம். விரல் போன கதைகள் பலவும் இப்படி நடந்தவைதான்.

கொட்டகைக் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும் ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலை சுற்றுகிறது என்று உணரும்போது எழுந்து நடக்கத் தெம்பு இருக்காது. வெளியே தள்ளி வைத்து ஓட்டுங்கள், மழை பெய்தாலும் சரி.

டீசல் பவர் டில்லர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கார்புரேட்டர் புராணம் பொருந்தாது. டீசல் லேசில் ஆவியாகாது, ப்ளக்கும் இல்லை. அங்கே தொல்லை தண்ணீரும் காற்றும்தான். டேங்க் வற்றும்வரை ஓட்டினால் குழாயில் காற்றுப் பிடித்துக்கொள்ளும். ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை வடிய விட வேண்டும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்ஜெக்டரைத் திறந்து கையை நீட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம். 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் சீறும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வெளியே ஊசிக் குத்து போலத்தான் தெரியும். அதை அலட்சியம் செய்தால் விரலை எடுக்கும் நிலை வரும். அப்படி ஆகிவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி நிறுத்தி வைக்கும் விஷயம். சீசன் முடிந்ததும் டேங்கை வடித்துவிடுங்கள். வடித்த பெட்ரோல் புதுசாக இருந்தால் பைக்கில் ஊற்றிக்கொள்ளலாம், ஆயில் கலந்ததை மட்டும் ஊற்றாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, குழாயை மூடி, தானாக நிற்கும்வரை விடுங்கள். பிறகு கிண்ணத்தின் அடித் திருகையும் திறந்து மிச்சத்தையும் இறக்குங்கள், ஏனென்றால் ஜெட்டுக்குக் கீழே தங்கும் பெட்ரோலை எஞ்சினால் உறிஞ்ச முடியாது. ப்ளக் துளையில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்து, ப்ளக்கை மாட்டுங்கள். கடைசியாக, கயிறு இறுக்கம் கொடுக்கும் இடம் வரை இழுத்து அங்கேயே விட்டுவிடுங்கள். அழுத்தம் ஏறும் அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. சாய்க்க நேர்ந்தால் ஏர் ஃபில்டர் மேலே இருக்கும்படி சாயுங்கள். இத்தனைக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஆகும்.

விற்பனைக் கடைகளில் ஸ்டார்ட் செய்யச் சொல்லித் தருகிறார்கள், நிறுத்தி வைக்கச் சொல்லித் தருவதில்லை. இதை நான் பெரிய குறையாகவே நினைக்கிறேன். பழைய எஞ்சின்களின் கையேடுகள் பலவும் 10 விழுக்காட்டுக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்கின்றன. பம்பில் கிடைப்பதோ 20. ஆகவே மானியத்தில் புது வண்டி எடுக்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் கடைக்காரரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். இந்த எஞ்சின் இ20க்கு, அதாவது 20 விழுக்காடு எத்தனால் பெட்ரோலுக்கு, ஏற்றதா? கையேடு தமிழில் இருக்கிறதா? மெயின் ஜெட், பைலட் ஜெட், ஏர் ஃபில்டர், ஆயில் சீல் நாலும் உங்கள் கடையிலேயே ஸ்டாக் இருக்கிறதா? முதல் 20 மணி நேர ஆயிலை யார் மாற்றித் தருவார்கள்? பதில் சொல்லத் தயங்குகிற கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.